பால்மரத்தின் மரபணுத்தொகுதி: உயிர்த்தகவலியலுக்கு ஓர் அறிமுகம்

உயிர்த்தகவலியலைக் கற்கப் புகும் முதுநிலை மாணவர், எடுத்துக்காட்டு தேடித் தொலைவு செல்ல வேண்டுவதில்லை. நம் முன்னோர் தோட்டந்தோறும் பால் வெட்டிய ரப்பர் மரமே தக்க சான்றாகும். புக்கிட் தெங்காவுக்கு எதிரே, கடலுக்கு அப்பால் பினாங்குத் தீவின் பாயான் லெப்பாசில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் வேதி உயிரியல் மையம் உள்ளது. அம்மையத்தார் பிற ஆய்வாளருடன் இணைந்து 2013ஆம் ஆண்டில் இம்மரத்தின் மரபணுத்தொகுதி வரைவை வெளியிட்டனர். அப்பணியின் தேவையை உணர, மரத்தின் வரலாற்றை முதலில் நோக்குவோம்.

1876இல் ஹென்றி விக்கம் பிரேசிலிலிருந்து ஏறத்தாழ 70,000 விதைகளை இலண்டன் கியூ பூங்காவுக்குக் கொண்டு சென்றார். முளைத்தவை மூவாயிரத்திற்கும் குறைவே. மறு ஆண்டு 22 நாற்றுகள் சிங்கப்பூரை அடைந்தன. மலாயாத் தோட்டங்களின் மரங்கள் பெரும்பாலும் இச்சிறு கூட்டத்தின் வழிவந்தவை. பின்னர் 1925இல் தோன்றிய ரப்பர் ஆய்வுக் கழகம் ஆர்.ஆர்.ஐ.எம். 600 போன்ற உயர்விளைச்சல் வகைகளை உருவாக்கியது. ஒட்டுமுறையில் பெருக்கப்படுவதால், ஒரு வகையைச் சேர்ந்த மரங்கள் யாவும் மரபில் ஒன்றே. இதனால் விளைச்சல் பெருகியது. இடரும் உடன் வந்தது. ஒரு மரத்தை வீழ்த்தும் நோய் தோட்டம் முழுவதையும் வீழ்த்தக்கூடும். தென்னமெரிக்காவில் ரப்பர்த் தோட்டங்களை அழித்த இலைக்கருகல் நோயினின்று ஆசியத் தோட்டங்கள் தப்பியே வந்துள்ளன. அந்நோய் இங்கு வருமாயின் எதிர்த்து நிற்கும் மரபணுக்கள் எவை? இவ்வினாவுக்கு விடை காண மரத்தின் மரபுச் செய்தியைப் படித்தாக வேண்டும்.

டி.என்.ஏ.யின் செய்தி நான்கு எழுத்துகளால் அமைந்தது. பினாங்கு வரைவு உருவான காலத்துக் கருவிகள் அதனைச் சிறு சிறு துண்டுகளாகவே படித்தன. ஒரே சுவடியின் பல படிகள் கிழிந்து கலந்துவிட்டால், ஒரு துண்டின் இறுதியும் மற்றொன்றின் தொடக்கமும் ஒத்திருத்தல் கண்டு இணைப்போம் அன்றோ? கணினியும் அவ்வாறே செய்கிறது. ஆயின் பாட்டில் பல்லவி திரும்பத் திரும்ப வருவது போல ஒரே தொடர் பல இடங்களில் வருமானால், துண்டு எவ்விடத்திற்கு உரியதெனத் துணிதல் அரிது. ரப்பர் மரத்தில் ஏறத்தாழ 78 விழுக்காடு இத்தகைய மீள்வரு பகுதிகள் எனக் கண்டனர். மதிப்பிட்ட 215 கோடி எழுத்துகளுள் ஏறத்தாழ 110 கோடியையே அவ்வரைவு தழுவியமைக்கு இது ஒரு முதன்மைக் காரணம்.

அவ்வரைவு கணித்த மரபணுக்கள் 68,955. 2016இல் சீன ஆய்வாளர் மற்றொரு வகையின் வரைவில் கணித்தவை 43,792. மூன்றாண்டுகளில் மரம் மரபணுக்களை இழந்துவிடவில்லை. முறிந்த வரைவில் ஒரு மரபணு இரண்டாக எண்ணப்படலாம். மீள்வரு பகுதிகளின் எச்சங்களும் மரபணுவெனத் தோன்றலாம். கணிக்கும் முறைகளும் வேறுபடும. ஆகவே இவ்வெண்கள் கணிப்புகளேயன்றி, தோட்டத்து மரங்களை எண்ணிப் பெற்றவை போன்றன அல்ல. எண்ணைக் கண்டவுடன் அது எவ்வாறு பெறப்பட்டது என வினவுதலே இத்துறையின் முதற்பாடம்.

மரபணுவின் பணியை அறிதற்கு ஒப்பீடே முதல் வழி. 1965இல் மார்கரெட் டேஹாஃப் அமெரிக்காவில் புரத வரிசைகளைத் தொகுத்து நூலாக்கி இதற்கு அடித்தளமிட்டார். பணி அறியப்பட்ட வரிசைகளோடு ஒப்பிட்டே, ரப்பர் உருவாக்கம், நோயெதிர்ப்பு, பாலினால் தோன்றும் ஒவ்வாமை ஆகியவற்றுக்குரிய மரபணுக்களைப் பினாங்கு வரைவும் இனங்கண்டது. எனினும் ஒப்புமை என்பது சான்றின் தொடக்கமே. ஆய்வுக்கூடச் சோதனையே அதனை உறுதி செய்யும்.

இவ்வரைவு பொதுத் தரவுத்தளங்களில் எவரும் எடுத்தாளுமாறு வைக்கப்பட்டுள்ளது. நோயெதிர்ப்பு மரபணு ஒன்றைத் தெரிந்து, இரு வரைவுகளிலும் அதனை ஒப்பிட்டு, வேறுபாட்டின் காரணத்தைத் தமிழில் எழுதுமாறு ஆசிரியர்கள் மாணவரைப் பணிக்கலாம். இம்மரத்தைக் கையால் அறிந்த மக்களின் வழித்தோன்றல்கள், அதன் மரபெழுத்தையும் தம் மொழியில் விளக்க வல்லவராதல் வேண்டும்.