கருமத்தம்பட்டியில் ஓர் ஆயர்



நம் பேராலயம் எங்கே என்று கேட்டால் சிறு பிள்ளையும் கோவை பெரிய கடை வீதியைக் கைகாட்டும். ஆனால் நம் முதல் ஆயர் முதலில் தங்கியது நகரத்தில் அல்ல. அவினாசி சாலையில் ஏறத்தாழ 25 கிலோமீட்டர் தள்ளி, கருமத்தம்பட்டியில். சென்ற மாதம் என் தாயாரை அங்கே அழைத்துச் சென்றேன். ஜெபமாலை அன்னைக்கு ஒரு நேர்த்திக்கடன் பாக்கி என்று ஒரு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். காந்திபுரத்தில் பேருந்து ஏறி நால்ரோட்டில் இறங்கினோம்.

17ஆம் நூற்றாண்டில் மதுரை மறைப்பணித்தளத்து இயேசு சபையினர் விதைத்த விசுவாசம் அது. ஆலயம் இன்று பசிலிக்கா. அம்மா மெழுகுவர்த்தி ஏற்றி, ஜெபமாலை முடித்து, வெளியே நிழலில் அமர்ந்தார். அப்போது அவருக்கு மரியோன் பிரெசில்லாக் ஆண்டகையைப் பற்றிச் சொன்னேன்.

1813இல் பிரான்சில் பிறந்து, 1842இல் புதுச்சேரிக்கு வந்த குரு அவர். 1846 அக்டோபர் 4ஆம் நாள், இதே கருமத்தம்பட்டியில் ஆயராகத் திருநிலைப்படுத்தப்பட்டார். அக்டோபரின் முதல் ஞாயிறு. அக்காலத்தில் ஜெபமாலை அன்னையின் திருநாள். அவருக்கு வயது 32. அவர் விடாமல் வற்புறுத்தியது ஒன்றை: இந்த மண்ணின் பிள்ளைகள் குருக்களாக வேண்டும், அவர்களிடமே திருச்சபையை ஒப்படைக்க வேண்டும். வெளிநாட்டவர் என்றென்றும் தலைமையில் இருக்க வந்தவர்கள் அல்லர் என்பது அவர் எண்ணம்.

"இத்தனை நல்லவரு அப்புறம் ஏன் கண்ணு இங்கிருந்து போனாரு?" என்று கேட்டார் அம்மா.

கேட்க வேண்டிய கேள்விதான். 'மலபார் சடங்குகள்' என்று ஒரு சிக்கல் இருந்தது. பெயர்தான் மலபார், பேச்செல்லாம் நம் தமிழ்நாட்டு வழக்கங்களைப் பற்றியது. அவற்றில் சாதி முக்கியமானது. 1744இல் திருத்தந்தை 14ஆம் பெனடிக்ட் அது குறித்து ஆணை பிறப்பித்தார். அதைக் கடைப்பிடிப்போம் என்று ஒவ்வொரு மறைப்பணியாளரும் சத்தியம் செய்ய வேண்டும். சத்தியம் செய்தார்கள், பங்குகளில் நடந்தது வேறு. இது ஆயரின் மனச்சாட்சியை அறுத்தது. உரோமையிடம் தெளிவு கேட்டார். உள்ளூர்க் குருக்கள் காரியத்திலும் உடன் பணியாளர் பலர் அவரோடு ஒத்துப்போகவில்லை. 1854இல் பதவி விலக விண்ணப்பித்தார். அடுத்த ஆண்டு அது ஏற்கப்பட்டது.

அம்மா சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "நான் சின்னப் பிள்ளையா இருந்தப்ப எங்க ஊர்க் கோயில்லயும் நடுவுல ஒரு கம்பி இருந்துச்சு கண்ணு" என்றார்.

"நாம எந்தப் பக்கம்மா?"

அவர் பதில் சொல்லவில்லை. தம் ஜெபமாலையை எடுத்துப் பைக்குள் வைத்தார். எந்தப் பக்கம் என்பதைவிட, பூசை வைத்த குருவுக்கு இரண்டு பக்கமும் கண்ணுக்குத் தெரிந்திருக்குமே என்பதுதான் எனக்கு உறுத்தியது.

அந்தச் சத்தியத்தை உரோமை நீக்கியது 1940இல். அதே ஆண்டில்தான் கோவைக்கு முதல் தமிழ் ஆயர் கிடைத்தார்: உபகாரசாமி ஆண்டகை. கருமத்தம்பட்டியில் திருநிலைப்பாடு நடந்து அதற்குள் 94 ஆண்டுகள் ஓடிவிட்டன.

பிரெசில்லாக் ஆண்டகை ஓய்ந்து உட்காரவில்லை. 1856 டிசம்பர் 8ஆம் நாள் லியோன் நகரில் ஆப்பிரிக்க மறைப்பணிச் சபையைத் தொடங்கினார். 1859 மே மாதம் சியரா லியோனின் ஃப்ரீடவுன் துறைமுகத்தில் இறங்கினார். ஊரெங்கும் மஞ்சள் காய்ச்சல். ஆறே வாரத்தில், ஜூன் 25 அன்று, 45 வயதில் இறந்தார். உடனிருந்த குருக்களும் அதே காய்ச்சலில் மாண்டனர். 2020இல் திருத்தந்தை பிரான்சிஸ் அவரை வணக்கத்துக்குரியவராக அறிவித்தார். அந்தச் சபை அழியவில்லை. இன்று அதில் சேர்ந்த இந்தியக் குருக்கள் ஆப்பிரிக்காவில் பணியாற்றுகிறார்கள்.