மஸ்டாங் கணினிக்குச் சொன்ன பொய்

அமெரிக்காவில் 1980களின் கடைசியிலும் 1990களிலும் ஃபோர்டு மஸ்டாங் 5.0 காருக்கு வேகம் கூட்டக் கிளம்பியவர்களிடையே ஒரு நம்பிக்கை ஊன்றிப்போயிருந்தது. காற்றளவு சென்சாரை மாற்றினால் ஒன்றும் ஆகிவிடாது, பெட்ரோல் கலவையை எஞ்சின் கணினியே சரிசெய்துகொள்ளும் என்பதுதான் அது. இதில் பாதி உண்மை. அந்தத் திருத்தும் திறன் எதற்காக வைக்கப்பட்டது என்ற வரலாற்றைப் பார்த்தால்தான் மற்றப் பாதி விளங்கும்.

அது வேகத்துக்காகப் பிறந்ததே இல்லை. லாஸ் ஏஞ்சலிஸ் மக்களின் கண்களை எரித்த புகைமூட்டத்தில் கார்ப் புகைக்குப் பெரும் பங்கு உண்டு என்பதை வேதியியலாளர் ஆரி ஹாகன்-ஸ்மிட் 1950களின் தொடக்கத்தில் விளக்கிக் காட்டினார். 1967இல் கலிபோர்னியா தனக்கெனக் காற்று வள வாரியம் அமைத்தது. 1970இல் நாடு முழுவதற்குமான தூய காற்றுச் சட்டம் கடுமையானது. புகைக்குழாயின் மூன்று நச்சுகளையும் ஒருசேரக் குறைக்கும் வினையூக்கிக்கு ஒரு பிடிவாதம் உண்டு: ஒரு பங்கு பெட்ரோலுக்குச் சுமார் 14.7 பங்கு காற்று என்ற எடை விகிதத்தை ஒட்டியே எஞ்சின் ஓடவேண்டும். கார்புரேட்டரால் அத்தனை துல்லியமாக அளந்து ஊற்ற முடியாது. எனவே, புகையில் எஞ்சியிருக்கும் ஆக்சிஜனை மோப்பம் பிடித்துக் கலவையைத் திருத்த உதவும் சென்சார் வந்தது. போஷ் தயாரித்த அதை 1976இல் கலிபோர்னியாவுக்கான வோல்வோ கார்கள் ஏற்றன. அக்காலத்துச் சென்சாருக்குத் தெரிந்தது ஒன்றுதான்: பெட்ரோல் அதிகமா, குறைவா? எவ்வளவு என்று கேட்டால் அதனிடம் பதில் இல்லை.

காற்றை அளப்பது தனிக் கதை. போஷின் 1967ஆம் ஆண்டு டி-ஜெட்ரானிக் காற்றை நேராக அளக்கவில்லை. உள்ளிழுப்புக் குழாயின் அழுத்தத்தைப் பார்த்துக் கணக்கிட்டது. அடுத்து வந்த எல்-ஜெட்ரானிக்கில் காற்றே ஒரு மடலைத் தள்ளித் தன் அளவைச் சொன்னது. 1980களில் சூடான மெல்லிய கம்பி அந்த இடத்தைப் பிடித்தது: கடந்துபோகும் காற்று கம்பியைக் குளிர்விக்கும், சூட்டைத் தக்கவைக்கத் தேவைப்படும் மின்சாரமே காற்றின் அளவு. கம்பியில் தூசு படியும், இன்ஜெக்டர் அடைக்கும், ஆலையிலிருந்து வரும் இரண்டு சென்சார்கள் அச்சாக ஒன்றுபோல இருக்கமாட்டா. இந்தச் சில்லறைப் பிழைகளை ஈடுகட்டத்தான் கணினி தன் திருத்தங்களை நினைவில் வைத்துக்கொள்ளப் பழகியது. அதற்கு எல்லையும் வகுத்திருந்தார்கள்.

1986 முதல் 1988 வரையிலான மஸ்டாங்குகள் பெரும்பாலும் அழுத்தக் கணக்கில் ஓடின. கேம் ஷாஃப்ட்டை மாற்றினால் அழுத்தம் மாறும், கணினி தடுமாறும். 1988இல் கலிபோர்னியாவிலும் 1989இல் எல்லா இடத்திலும் 5.0 எஞ்சினுக்குச் சூடுகம்பி மீட்டர் வந்ததும் மாற்றம் செய்வோருக்குக் கொண்டாட்டம். மணிக்கு 19 பவுண்டு பாய்ச்சும் இன்ஜெக்டரைக் கழற்றி 24 பவுண்டு இன்ஜெக்டரைப் போடுவார்கள். கணினியின் நிரலைத் தொடாமல், மீட்டரையே பொய் சொல்ல வைப்பார்கள். உள்ளே போவது 24 பங்கு காற்று என்றால் மீட்டர் 19 பங்கு என்று அறிவிக்கும். கணினி அதற்கேற்ப இன்ஜெக்டரைக் குறைந்த நேரம் திறக்கும், பெரிய இன்ஜெக்டர் அந்தக் குறையை நிரப்பிவிடும். கெட்டிக்கார வேலைதான், மறுப்பதற்கில்லை. ஆனால் அதே காற்றுக் கணக்கை வைத்துத்தான் எஞ்சின்மேல் எவ்வளவு சுமை இருக்கிறது என்றும் கணினி முடிவு செய்கிறது. சுமை குறைவு என்று நம்பினால் தீப்பொறியை இன்னும் முன்னதாக விடும். கலவை சரியாக இருக்கும், டைமிங் தப்பும்; தட்டல் சத்தம் கேட்கும்வரை யாருக்கும் சந்தேகம் வராது.

ஆக்சிஜன் சென்சார் இருக்கிறதே, காப்பாற்றாதா என்று கேட்கலாம். நிதானமாக ஓடும்போது காப்பாற்றும். ஆக்சிலரேட்டரை முழுதாக மிதித்தால் எஞ்சினுக்கு 12.5 அல்லது 13 என்ற அளவில் செறிந்த கலவை வேண்டும். அந்த வேளையில் கணினி அந்தச் சென்சாரின் பேச்சைக் கேட்பதில்லை, அட்டவணையையும் மீட்டரையும் நம்பியே பெட்ரோல் விடுகிறது. ஆக, பிழை மிகவும் ஆபத்தாகும் நேரத்தில்தான் திருத்தம் ஓய்வெடுக்கிறது. இப்படி மாற்றிய எத்தனையோ கார்கள் ஆண்டுக்கணக்கில் ஓடினவே என்பது இன்னொரு வாதம். ஓடின. ஆனால் மெல்லிய காற்றோட்டம் முதல் பலத்த காற்றோட்டம் வரை ஒரே விகிதத்தில் பொய் சொல்லும் மீட்டர் அமைந்த கார்களே ஒழுங்காக ஓடின. அந்தப் புகழ் மீட்டரை அளந்து செய்தவருக்கு உரியது, கணினியின் கற்கும் திறனுக்கு அல்ல. மீட்டரின் குழாயை மட்டும் அகலமாக்கி, கணினி பார்த்துக்கொள்ளும் என்று விட்டவர்களுக்கு அந்த வாதம் துணை நிற்காது.

1996 முதல் அமெரிக்காவில் விற்ற எல்லாக் கார்களிலும் ஓபிடி-2 முறை கட்டாயமானது. கணினி எவ்வளவு பெட்ரோலைக் கூட்டுகிறது, எவ்வளவு குறைக்கிறது என்பதைச் சதவீதமாகவே அதில் படிக்கலாம். எல்லை தாண்டினால் எச்சரிக்கை விளக்கு எரியும். காற்றுச் சென்சாரில் கைவைக்க நினைப்பவர்கள் முதலில் அந்தச் சதவீதத்தைப் படியுங்கள், கூடவே டைமிங்கையும் பாருங்கள்.