பூட்டிக் கிடந்த பெட்டி

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

2022-இல் எங்கள் வடக்குப்பட்டில் இந்தியத் தொல்லியல் துறை அகழாய்வு செய்தது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். கற்கருவிகள், மணிகள், பானை ஓடுகள் எல்லாம் கிடைத்தன. நானும் போய் நின்று பார்த்தேன். ஒரகடம் தொழிற்பேட்டைக்கு இவ்வளவு அருகில், எழுத்து பிறப்பதற்கு முன்பே மனிதன் கல்லைக் கல்லால் தட்டிக் கருவி செய்திருக்கிறான். பாடப்புத்தகம் இல்லை, தேர்வு இல்லை. தட்டிப் பார்த்துத்தான் கற்றிருப்பான். அன்றிலிருந்து ஒரு கேள்வி என்னை விடவில்லை. கையால் கற்ற மனிதனின் வாரிசுகளுக்கு, "தொடாதே" என்று சொல்லும் பள்ளிக்கூடம் எப்படி வந்தது?

நம் பழைய திண்ணைப் பள்ளியில் மணலில் விரலால் எழுதினார்கள், எண்சுவடியை மனப்பாடம் செய்தார்கள். 'கணக்கதிகாரம்' என்ற பழைய நூலில் வரும் கணக்குகள் நிலம், நெல், பொன் பற்றியவை. ஒரு வேலி நிலம் 20 மா. இருபதில் ஒரு பங்கு என்ற பின்னத்துக்கும் 'மா' என்றே பெயர். எண்பதில் ஒரு பங்கு 'காணி'. வயலை அளந்தவனுக்குப் பின்னம் தனிப் பாடமாக இருந்திருக்காது. ஆனால் அந்தத் திண்ணையில் எல்லாரும் உட்கார முடியவில்லை. பெண் பிள்ளைகள் மிகக் குறைவு. வயலில் உண்மையாகவே இறங்கி வேலை செய்தவர்களின் பிள்ளைகளுக்கோ இடமே இல்லை. பழம்பெருமை பேசும்போது இதையும் சேர்த்துத்தான் பேச வேண்டும்.

1937-இல் வார்தா மாநாட்டில் காந்தியடிகள் ஆதாரக் கல்வியை முன்வைத்தார். நூற்பு, தோட்டவேலை போன்ற கைத்தொழில் வழியாகவே கணக்கும் அறிவியலும் கற்க வேண்டும் என்றார். பல ஊர்களில் ஆதாரப் பள்ளிகள் வந்தன. பிறகு தக்ளி மிஞ்சியது, அதற்குள் இருந்த கணக்கு மறைந்துவிட்டது.

1972-இல் மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் மாவட்டத்தில் 16 நடுநிலைப் பள்ளிகளில் ஒரு முயற்சி தொடங்கியது. பிள்ளைகளே சோதனை செய்து, முடிவை அவர்களே எழுத வேண்டும். அது மாவட்டம் முழுவதும் பரவி முப்பது ஆண்டு நடந்தது. 2002-இல் அரசு நிறுத்திவிட்டது. நம் மாநிலத்தில் 1980-இல் தமிழ்நாடு அறிவியல் இயக்கம் பிறந்தது.

இனி என் கதை. ஆசிரியர் பயிற்சி முடித்து வேலைக்கு வந்தபோது எனக்குத் தெரிந்தது சாக்பீஸும் படமும்தான். 1987-இல் மத்திய அரசு கரும்பலகைத் திட்டத்தைக் கொண்டுவந்தது. அதன்படி சில ஆண்டுகளில் நான் வேலை பார்த்த பள்ளிக்கும் ஓர் அறிவியல் பெட்டி வந்தது. ஊர்ப்பெயர் வேண்டாம். காந்தம், பூதக்கண்ணாடி, சின்னத் தராசு எல்லாம் இருந்தன. "உடைந்தால் யார் பதில் சொல்வது? ஆடிட்டில் கேட்பார்கள்" என்றார் தலைமையாசிரியர். பெட்டி பீரோவுக்குள் போனது. ஐந்தாம் வகுப்பில் ஒரு பெண் குழந்தை, "டீச்சர், காந்தம் நிஜமா எப்படி இருக்கும்?" என்று கேட்டாள். நான் கரும்பலகையில் லாடம் போல வரைந்து காட்டினேன்.

அந்த பீரோவின் சாவி என்னிடம்தான் இருந்தது. தலைமையாசிரியரை மட்டும் குறை சொல்லித் தப்பிக்க எனக்கு வழியில்லை.

தொண்ணூறுகளில் அறிவியல் இயக்கத்தின் பயிற்சி ஒன்றுக்குப் போனேன். தீக்குச்சி, சைக்கிள் வால்வு டியூப், பழைய பேட்டரி, தகர டப்பா, இவைதான் கருவிகள். உடைந்தால் கேட்க ஆளில்லை! 1993-இல் தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாடு தொடங்கியதும், உள்ளூர்ப் பிரச்சினையை எடுத்துப் பிள்ளைகளே ஆராய வழி கிடைத்தது.

எங்கள் பிள்ளைகள் எடுத்துக்கொண்டது ஏரி. "மழையே இல்லாத மாதத்தில், மதகும் மூடியிருக்கும்போது தண்ணீர் எங்கே போகிறது?" நேரான பக்கமுள்ள தகர டப்பாவில் நீர் ஊற்றி, வெயிலில் வைத்து, தினமும் அளவுகோலால் அளந்தார்கள். ஒரு நாளில் ஏறக்குறைய அரை சென்டிமீட்டர் குறைந்தது. அட, அவ்வளவுதானா என்று உதட்டைப் பிதுக்கினார்கள். கணக்குப் போடச் சொன்னேன். ஒரு ஹெக்டேர் என்பது 10,000 சதுர மீட்டர். அதில் அரை சென்டிமீட்டர் என்றால் 50 கன மீட்டர், அதாவது 50,000 லிட்டர்! 10,000 லிட்டர் பிடிக்கும் தண்ணீர் லாரி ஐந்து. ஒரே நாளில், ஒரு ஹெக்டேரில். தசமப் புள்ளியைக் கண்டு பயந்த பையன் அன்று மூன்று முறை அந்தக் கணக்கைச் சரிபார்த்தான். நான் சொன்னதற்காக இல்லை, அது அவன் ஏரி என்பதற்காக.

2003-இல் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் வந்தது. அதை முன்னின்று நடத்தியவர் எம்.பி. விஜயகுமார் ஐ.ஏ.எஸ். 2007-08-இல் மாநிலம் முழுக்கப் பரவியது. பிள்ளைகள் தரையில் வட்டமாக உட்கார்ந்தார்கள், அட்டைகளைத் தாங்களே எடுத்தார்கள். அடி பயம் குறைந்தது, அது பெரிய மாற்றம். ஆனால் சில வகுப்புகளில், "எத்தனை அட்டை முடித்தாய்?" என்பதே புதிய மனப்பாடமாகிவிட்டதையும் பார்த்தேன். 2022 நவம்பரில் திருச்சியில் வானவில் மன்றம் தொடங்கியது. 13,000-க்கும் மேற்பட்ட அரசு நடுநிலை, உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளுக்குக் கருத்தாளர்கள் சோதனைப் பொருள்களோடு போகிறார்கள். நல்ல செய்தி. நான் ஓய்வு பெற்ற பிறகு வந்ததே என்று ஒரு சின்னப் பொறாமையும் உண்டு.

இந்த வரலாற்றில் எனக்குப் புரிந்தது ஒன்றுதான். திட்டங்கள் பொருளைக் கொடுத்தன. பொருள் உடைந்தாலும் பரவாயில்லை, கேள்விக்கு விடை தெரியாவிட்டாலும் பரவாயில்லை என்ற தைரியத்தை ஆசிரியருக்கு யாரும் கொடுக்கவில்லை. அந்தத் தைரியம் இருந்த இடத்தில் தகர டப்பாவே ஆய்வுக்கூடமானது.

இப்போது இதை ஏன் எழுதுகிறேன்? 1998-இல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஹூண்டாய் கார் வரத் தொடங்கியது. 2010-இல் ஒரகடத்தில் ரெனோ-நிசான். நம் வயல்வெளியைச் சுற்றித் தொழிற்சாலைகள் எழும்பின. போன மாதம் ஒரு கல்யாணத்தில் பழைய மாணவர் ஒருவரைப் பார்த்தேன், அந்தப் பெட்டிக் காலத்து வகுப்பு. "டீச்சர், வெர்னியர் அளவியை நான் முதன்முதலாத் தொட்டதே வேலைக்குச் சேர்ந்த அன்னிக்குத்தான். எல்லார் முன்னாடியும் கை நடுங்கிச்சு" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வெர்னியர் என் வகுப்புப் பாடமில்லை. ஆனால் தொடப் பயப்படுவதை அவருக்கு ஐந்தாம் வகுப்பிலேயே கற்றுக்கொடுத்தது நான்தான்.

ஆகவே ஒரு வேண்டுகோள். உங்களில் பலர் இன்று தொழிற்சாலைகளில் இருக்கிறீர்கள், சிலர் ஆசிரியர்களாக இருக்கிறீர்கள். உங்கள் ஊர் அரசுப் பள்ளிக்கு, தலைமையாசிரியரிடம் கேட்டுக்கொண்டு, ஒரு நாள் போய் வாருங்கள். வேண்டாமென்று ஒதுக்கிய ஓர் அளவியையோ மோட்டாரையோ பிள்ளைகள் கையில் கொடுத்து, பிரித்துப் பார்க்கச் சொல்லுங்கள். வீட்டிலும் குழந்தை ரேடியோவைக் கழற்றினால், பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பக்கத்தில் உட்காருங்கள்.

காந்தம் எப்படி இருக்கும் என்று கேட்ட அந்தப் பெண் இதைப் படித்தால், டீச்சரை மன்னித்துவிடம்மா.

அன்புடன்,
உங்கள் டீச்சர், வடக்குப்பட்டு