கறுப்புத் தடம் எல்லா நாட்டிலும் ஒன்றல்ல: கடினமான பனிச்சறுக்குச் சரிவுகள், ஓர் ஒப்பீடு

பனிச்சறுக்கு மலைகளில் கறுப்பு நிறம் என்றால் கடினமான சரிவு என்று பொருள். ஆனால், ஜப்பானில் கறுப்புத் தடத்தில் தடுமாறாமல் இறங்கிய ஒருவர் அதே துணிச்சலோடு பிரான்சிலோ அமெரிக்காவிலோ இறங்கினால் ஆபத்தில் சிக்கக்கூடும். இந்த நிறங்களுக்கு உலகப் பொது அளவுகோல் இல்லை. பல தளங்கள் தம் மலையிலுள்ள சரிவுகளைத் தமக்குள் ஒப்பிட்டே நிறம் கொடுக்கின்றன.

நம்மவர்களுக்கும் இது தூரத்துச் செய்தியல்ல. ஜப்பானின் ஹொக்கைடோ தீவிலுள்ள நிசெகோ வில்லேஜ் தளத்தை 2010இல் வாங்கியது மலேசியாவின் ஒய்.டி.எல். குழுமம். பனி பார்க்கச் செல்பவர்கள் சறுக்கவும் கற்றுக்கொள்ளும் காலம் இது.

குறியீடுகள்

வட அமெரிக்காவில் பச்சை வட்டம் எளிது, நீலச் சதுரம் நடுத்தரம், கறுப்பு வைரம் கடினம். இரட்டைக் கறுப்பு வைரம் தேர்ந்தவர்களுக்கு மட்டும். ஐரோப்பாவில் நீலம், சிவப்பு, கறுப்பு என்பதே பொது வரிசை. பிரான்ஸ் போன்ற நாடுகளில் அதற்கும் கீழே பச்சை உண்டு. ஜப்பானில் பச்சை, சிவப்பு, கறுப்பு.

சரிவை விழுக்காட்டிலும் சொல்வார்கள். 100 விழுக்காடு என்பது செங்குத்து அல்ல, 45 பாகைதான். ஆஸ்திரியாவின் மாயர்ஹோஃபென் தளத்திலுள்ள ‘ஹராகிரி’ தடத்தின் சரிவு 78 விழுக்காடு, அதாவது ஏறக்குறைய 38 பாகை.

ஆல்ப்ஸ்: கோட்டுக்கு வெளியே பொறுப்பு உங்களுடையது

ஐரோப்பாவில் பொதுவாக அடையாளமிட்ட தடங்கள் மட்டுமே பராமரிக்கப்படுகின்றன, பனிச்சரிவு ஆபத்துக்காகக் கண்காணிக்கப்படுகின்றன. தடத்தைவிட்டுச் சில மீட்டர் விலகினாலும் அது காட்டு மலைதான். பிரான்சின் ஷமோனியில் 3,842 மீட்டர் உயரமுள்ள எகுயி டு மிடியிலிருந்து தொடங்கும் ‘வாலே பிளான்ஷ்’ சுமார் 20 கிலோமீட்டர் நீளமானது. சரிவு அவ்வளவு செங்குத்தானதல்ல. ஆனால், பனியாற்றின் மேல் செல்லும் அந்த வழியில் பிளவுகள் மெல்லிய பனிக்கு அடியில் மறைந்திருக்கும். வழிகாட்டியின்றிப் புதியவர்கள் இறங்கக்கூடாது.

வட அமெரிக்கா: எல்லைக்குள் கண்காணிப்பு, கரடுமுரடான சரிவு

இங்கே தளத்தின் எல்லைக்குள் திறந்துள்ள பகுதி முழுவதையும் ரோந்துக் குழுவினர் கவனிக்கின்றனர். தேவையானால் வெடிவைத்துப் பனியை முன்கூட்டியே சரியவிடுகின்றனர். அதனால் பாறையும் மரமும் நிறைந்த, சமப்படுத்தாத சரிவுகளும் எல்லைக்குள்ளேயே உண்டு. வயோமிங் மாநிலத்தின் ஜாக்சன் ஹோலிலுள்ள ‘கார்பெட்ஸ் குலுவார்’ பாறை இடுக்கில் நுழைய, பனியின் அளவைப் பொறுத்துச் சில மீட்டர் கீழே குதிக்கவே வேண்டியிருக்கும்.

ஜப்பான்: சரிவு குறைவு, பனி அதிகம்

சைபீரியாவிலிருந்து வீசும் குளிர்காற்று ஜப்பான் கடலைக் கடக்கும்போது ஈரத்தை ஏற்றிக்கொண்டு ஹொக்கைடோவில் மாவு போன்ற பனியாகக் கொட்டுகிறது. நிசெகோவில் ஒரு பருவத்தில் சுமார் 15 மீட்டர் பனி விழுகிறது. மலையின் உயரமோ 1,308 மீட்டர்தான். இங்குள்ள ஆபத்து மரத்தடியில். கிளைகளுக்குக் கீழே இறுகாத பனி குழியாக இருக்கும். தலைகீழாக விழுந்தால் தாமாக வெளியேறுவது மிகக் கடினம். தளத்துக்கு வெளியே செல்வோர் அதற்கென்றுள்ள வாசல்கள் வழியாகவே செல்ல வேண்டும். கயிற்றைத் தாண்டுவது விதிமீறல்.

குல்மார்க்: இமயத்தின் உயரம்

காஷ்மீரின் குல்மார்க்கில் கம்பிவட ஊர்தி ஏறக்குறைய 3,950 மீட்டர் உயரத்துக்கு ஏற்றிச் செல்கிறது. அடிவாரத்தில் கற்றுக்கொள்வோருக்கான மென்சரிவு, உச்சியில் பெரும்பாலும் தடமே இல்லாத மலை. மூச்சுத் திணறலும் பனிச்சரிவும் அங்கே கூடுதல் சோதனை.

புறப்படும் முன்

பெரும்பாலான பனிச்சரிவுகள் 30 முதல் 45 பாகை சரிவுகளில் நிகழ்கின்றன. தேர்ந்தவர்கள் தேடிச் செல்வதும் அதே சரிவுகளைத்தான். புதைந்தவரைக் காப்பாற்ற முதல் 10, 15 நிமிடங்களே முக்கியம். மீட்புக் குழு வருவதற்குள் உடன் வந்தவர்தான் தோண்டியாக வேண்டும். ஆகவே தடத்துக்கு வெளியே செல்வோர் சமிக்ஞைக் கருவி, துழாவும் கம்பி, மண்வெட்டி ஆகிய மூன்றையும் பயன்படுத்தப் பழகியிருப்பது அவசியம். அன்றைய ஆபத்து அளவையும் பார்க்க வேண்டும். 5 நிலைகளில் 3 என்பது நடுவில் இருப்பதால் பாதுகாப்பானது என்று எண்ணிவிடக்கூடாது.

பயணக் காப்புறுதி தடத்துக்கு வெளியே நடக்கும் விபத்தையும் மீட்புச் செலவையும் ஏற்குமா என்று முன்பே கேட்டுக்கொள்வது நல்லது. புதிய மலையில் முதல் நாள், வழக்கமாகச் சறுக்கும் நிறத்துக்கு ஒரு படி கீழிருந்து தொடங்குவதே பாதுகாப்பான வழி.