வெள்ளை நாயின் காது

செங்கம் வட்டாரத்து எடத்தனூரில் கிடைத்த நடுகல் ஒன்று மகேந்திரவர்ம பல்லவன் காலத்தது. 7-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. மாடுபிடிச் சண்டையில் மாண்ட வீரனுக்கு எழுப்பியது. வீரனோடு அவனுடைய நாயையும் செதுக்கி, 'கோவிவன்' என்ற அதன் பெயரையும் பொறித்திருக்கிறார்கள். அது கள்ளரைக் கடித்துக் காவல் நின்றதாம். நாயின் நிறத்தைப் பற்றிக் கல்லில் ஒரு வார்த்தை இல்லை. நம் முன்னோர் நாயிடம் எதை மதித்தார்கள் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டியதில்லை.

பீங்கான் ஊரான விருத்தாசலத்தில் சூளை வைத்துப் பொம்மை செய்யும் சிநேகிதர் ஒருவர் எனக்கு உண்டு. அவர் வீட்டில் ஒரு ராஜபாளையம் பெட்டை நாய், தும்பைப்பூ வெள்ளை. சென்ற வருஷம் அதற்கு ஜோடி தேடினார். "ஒரு தடவையாவது குட்டி போட்டால்தானே சார் அதன் உடம்புக்கு நல்லது? நம் நாட்டு ஜாதியும் அழியாமல் இருக்குமே!" என்றார்.

முதல் காரணத்துக்கு வைத்திய சாஸ்திரத்தில் ஆதாரமில்லை. இரண்டாவதற்குச் சரித்திரத்தைப் பார்க்க வேண்டும்.

இங்கிலாந்தில் நாய்க் கண்காட்சிகள் 1859-இல் ஆரம்பமாயின. 1873-இல் லண்டனில் கென்னல் கிளப் ஏற்பட்டது. அதுவரை பெரும்பாலும் வேட்டைக்கும் காவலுக்கும் உதவுமா என்று பார்த்து இணைத்தவர்கள், பிறகு நிறத்தையும் வடிவத்தையும் பார்த்து இணைக்கலானார்கள். அந்த மோகம் உலகெங்கும் பரவியது. பாளையக்காரர்களின் காவல் நாய் என்று பெயர் பெற்ற நம் ராஜபாளையத்துக்கும் வெள்ளை உடம்பும் ரோஜா நிற மூக்குமே அசலின் அடையாளமாகிவிட்டன.

அந்த வெள்ளைக்கு ஒரு விலை உண்டு. தோலுக்கு நிறம் தரும் உயிரணுக்கள் உட்காதுக்கும் அவசியம். அவை அங்கே போய்ச் சேராவிட்டால், பிறந்த சில வாரங்களிலேயே குட்டியின் காது செவிடாகிவிடும். வெள்ளை மேனியில் புள்ளிகள் கொண்ட டால்மேஷியன் நாய்களை அமெரிக்காவில் சோதித்தபோது, நூற்றுக்கு 8 முழுச் செவிடு. இன்னும் 22 ஒரு காது மட்டும் செவிடு. இந்த ஒரு காதுச் செவிடுதான் ஏமாற்றுவது. முதுகுக்குப் பின்னால் கை தட்டினால் அந்த நாய் திரும்பிப் பார்க்கும். எஜமானருக்குச் சந்தேகமே வராது. ஆனால் அதன் குட்டிகளுக்குச் செவிட்டு அபாயம் அதிகம்.

நாய்களை இனவிருத்தி செய்து விற்பவர்களுக்கு மத்திய அரசு 2017-இல் விதிகள் வகுத்தது. பெட்டைக்குப் பதினெட்டு மாதம் நிரம்ப வேண்டும். வருஷத்துக்கு ஓர் ஈற்று, ஆயுளில் ஐந்துக்கு மேல் கூடாது. நல்ல விதிகள்தாம். என்றாலும், வயதையும் ஈற்றையும் எண்ணிவிட்டால் மட்டும் போதாது.

ஆகவே சிநேகிதரிடம் சொன்னேன்: "இரண்டு காதையும் தனித்தனியே கருவி வைத்துச் சோதியுங்கள், கடுவனுக்கும் அப்படியே. ரத்த உறவில் ஜோடி வேண்டாம். குட்டிகளை ஏற்கும் வீடுகளை முன்கூட்டியே நிச்சயம் செய்யுங்கள். நிறத்தோடு ஒரு குட்டி பிறந்தால் ஒதுக்காதீர்கள். இதெல்லாம் முடியாதென்றால் ஜோடியே தேட வேண்டாம்."

"சூளையில் பழுதானால் ஓட்டோடு ஓடாகக் கொட்டிவிடுவேன். குட்டியை எங்கே சார் கொட்டுவது?" என்றார் அவர். சோதனை முடியும் வரையில் ஜோடிப் பேச்சை நிறுத்தி வைத்திருக்கிறார். ஜாதியைக் காப்பது என்றால் வெள்ளைத் தோலைக் காப்பதல்ல. திருடன் சுவரேறும் சத்தம் கேட்கிற காதைக் காப்பது.