ரொட்டி சுட்ட ஊராட்சி

ஜெர்மனி என்றதும் பிஸ்மார்க்கின் வாளும் இட்லரின் வெறியாட்டமுமே நம்மவர் பலருக்கு நினைவில் எழுகின்றன. மன்னர் கதையே வரலாறு என்று பள்ளியில் பயின்றதன் விளைவு அது. வையர்புஷ் என்னும் சிற்றூரின் பெயர் அந்தப் பாடநூல்களில் இராது. ரைன் ஆற்றுக்குக் கிழக்கே, வெஸ்டர்வால்டு மலைப்பகுதியில் உள்ளது அவ்வூர். குளிர் மிகுந்த மேட்டு நிலம், வளங்குன்றிய மண். உருளைக்கிழங்கும் தானியமும் விளைந்தால் உணவு, விளையாவிட்டால் பட்டினி.

அப்பகுதி அன்று பிரஷ்ய அரசின் ஆட்சியில் இருந்தது. 1845-இல் வையர்புஷுக்கும் அதைச் சூழ்ந்த சிற்றூர்களுக்கும் தலைவராக வந்தார் பிரீடரிக் வில்ஹெல்ம் ரைபைசன். முப்பது வயதுகூட நிரம்பாத இளைஞர். கண்நோயால் படைப்பணியை விட்டவர். மக்கள் தேர்ந்தெடுத்த தலைவர் அல்லர், அரசு அமர்த்திய தலைவர்.

1846-இல் விளைச்சல் பொய்த்தது. உருளைக்கிழங்கை ஏற்கனவே நோய் அழித்திருந்தது. குளிர்காலம் வந்தபோது ஏழை வீட்டில் மாவு இல்லை. விலையோ ஏறிக்கொண்டே போயிற்று. அரசு தன் களஞ்சியத்திலிருந்து மாவு அனுப்பியது. ஆனால், ரொக்கம் தந்தவர்க்கே வழங்குக என்று கட்டளையும் உடன் வந்தது! கையில் ரொக்கம் உள்ளவன் ஏன் பட்டினி கிடக்கப் போகிறான்? இதைக் கேட்கத் தனி மேதைமை வேண்டியதில்லை. எனினும் அதிகாரப் பீடங்களில் அமர்ந்தோர்க்கு அது தோன்றவில்லை.

ரைபைசன் கட்டளையை ஒதுக்கினார். வசதி படைத்தோரிடம் பணம் திரட்டினார். ரொட்டிச் சங்கம் ஒன்று அமைந்தது. ஊர்ப்பொதுவில் ரொட்டி சுடும் கூடம் எழுந்தது. சுட்ட ரொட்டி, குறைந்த விலையில், கடனாக ஏழைகளுக்குப் போயிற்று. கடனாக என்பதைத் தோழர்கள் கருத்தில் கொள்ள வேண்டும். அன்னதானம் பெற்றவன் கொடுத்தவனை வாழ்த்திக் குனிந்து நிற்பான். கடன் பெற்றவன் அதைத் தீர்த்துவிட்டு நிமிர்ந்து நடப்பான்.

1848-இல் பிளாமர்ஸ்பெல்டு என்ற ஊருக்கு மாற்றப்பட்டார். அங்கே உழவரை வாட்டியது மாட்டுக் கடன். மாட்டைக் கடனுக்குத் தந்து, தவணை தவறினால் மாட்டோடு நிலத்தையும் விழுங்கினர் வட்டிக்காரர். 1849-இல் வசதியுள்ளோர் ஏறத்தாழ அறுபது பேரைப் பிணை நிற்கச் செய்து, சங்கத்தின் வழியே மாடு வாங்கித் தந்தார். 1852-இல் ஹெட்டஸ்டார்பு சென்றார். 1854-இல் அங்கும் ஒரு சங்கம். ஆனால் செல்வர்களின் இரக்கம் நாளடைவில் ஆறிப்போயிற்று. ஆறாமல் இருந்தால்தான் வியப்பு! எனவே 1864-இல் முறையையே மாற்றினார். கடன் வேண்டுவோரே உறுப்பினர்; ஒருவர் கடனுக்கு அனைவரும் பொறுப்பு; இலாபம் பொதுநிதிக்கு.

ரைபைசன் ஆழ்ந்த கிறிஸ்துவப் பற்றுடையவர். தம் பணியைச் சமயக் கடமை என்றே அவர் கருதினார். அதை நாம் மறைக்கப் போவதில்லை. வட்டிக் கொடுமையைச் சாடியபோது யூதர் மீது பழி சுமத்தி எழுதியதும் உண்டு. அதையும் நாம் ஏற்பதற்கில்லை. பக்தியுடையோர் அவ்வட்டாரத்தில் எத்தனையோ பேர் இருந்தனர். பசியைத் தணித்தது மாவும் அடுப்பும் கணக்குப் புத்தகமும்தான்.

இன்றும் வையர்புஷ் இரண்டாயிரம் பேர்கூட இல்லாத ஊரே. ஆயினும் அதற்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் உண்டு. ஊதியப் பதவியாக அன்றித் தொண்டாகப் பணிபுரியும் தலைவர் உண்டு. 2020 முதல் ஆல்டன்கிர்ஹன்–பிளாமர்ஸ்பெல்டு ஒன்றியத்தில் அது அடங்கியிருக்கிறது.

அவ்வூரில் பிறந்த எண்ணம் நம் நாட்டுக்கும் வந்தது. 1892-இல் சென்னை அரசு, ஐரோப்பிய உழவர் வங்கிகளை ஆராயப் பிரடெரிக் நிக்கல்சனைப் பணித்தது. ரைபைசன் போன்றோரைத் தேடுக என்பதே அவர் அறிக்கையின் சாரம். 1904-இல் சட்டம் வந்தது. அவ்வாண்டே செங்கற்பட்டு மாவட்டத்துத் திரூரில் கூட்டுறவுச் சங்கம் எழுந்தது.

ஆனால் ரைபைசன் முறையின் ஆணிவேர், ஊரார் ஒருவருக்கு ஒருவர் பிணை நிற்பது. ஊர் வேறு, சேரி வேறு என்று பிரித்து வைத்த நாட்டில், சேரியில் வாழ்பவனுக்காக எந்த ஊரான் கையெழுத்திடுவான்? 1920-க்குப் பின் சென்னை அரசின் தொழிலாளர் துறை, குடிமனை பெறுவதற்கென ஆதிதிராவிடர்க்குத் தனிச் சங்கங்களை அமைக்க நேர்ந்தது.