மணிச்சத்தை எப்படி அளந்தாங்க?

பழவேற்காடுன்னா நகரத்து நண்பர்களுக்கு இறாலும் நண்டும் படகும்தான் ஞாபகம் வரும். ஏரிக்கு மேற்கே பொன்னேரி பக்கம் வந்து பாருங்க, நெல் வயல்தான். அந்த நெல்லுக்கு வர்ற ஒரு பசியைப் பத்தி இன்னைக்குச் சொல்றேன்.

தழைச்சத்து குறைஞ்சா பயிர் மஞ்சளாகி, தானே சொல்லிடும். மணிச்சத்து, அதாவது பாஸ்பரஸ், அப்படி இல்லை. இலை கரும்பச்சையா இருக்கும், பார்க்கிறவன் பயிர் நல்லா இருக்குன்னு நினைப்பான். ஆனா பயிர் குட்டையாவே நிக்கும், தூர் கட்டாது, கதிர் தாமதமாகும். கண்ணை நம்ப முடியாததாலதான் அளக்கிற வழி தேட வேண்டியதாச்சு.

முதல்ல பயிரையே தராசாக்கினாங்க. 1842ல் இங்கிலாந்தில் லாஸ் என்பவர் சூப்பர் பாஸ்பேட்டுக்குக் காப்புரிமை வாங்கினார். அடுத்த வருஷமே ராத்தம்ஸ்டெட்டில் கோதுமை வயலைப் பாத்தி பாத்தியாகப் பிரிச்சு, ஒண்ணுக்கு உரமே போடாம, மத்ததுக்கு வேற வேற உரம் போட்டு, விளைச்சலை ஒப்பிட ஆரம்பிச்சாங்க. அந்தச் சோதனை இன்னும் நடக்குது. நம்ம ஊர்ப் பக்கம், 1906ல் ராணிப்பேட்டையில் பாரி கம்பெனி சூப்பர் பாஸ்பேட் ஆலை தொடங்கியது. 1909ல் கோயம்புத்தூரில் நிரந்தர உரச் சோதனை வயல் வந்தது.

ஆனா ஒவ்வொரு விவசாயியும் இப்படிப் பாத்தி கட்டி வருஷக்கணக்கா காத்திருக்க முடியுமா? 1954ல் அமெரிக்காவில் ஓல்சன் குழுவினர் ஒரு சுருக்கு வழி சொன்னாங்க. மண்ணைச் சோடியம் பைகார்பனேட் கரைசலில் குலுக்கி வடிகட்டி, மாலிப்டேட் சேர்த்தா நீல நிறம் வரும். நீலம் எவ்வளவு அடர்த்தியோ அவ்வளவு மணிச்சத்து. அதே பத்தாண்டில் இந்தியாவிலும் மண் பரிசோதனை நிலையங்கள் வர ஆரம்பிச்சது.

இன்னைக்கு நம்ம அறிக்கையில் ஹெக்டேருக்கு 11 கிலோவுக்குக் கீழே இருந்தா குறைவு, 22க்கு மேலே இருந்தா அதிகம். ஏக்கர் கணக்குக்கு இரண்டரையால் வகுத்துக்கணும்.

அதிகம்னு வந்த வயலுக்கும் பழக்கத்துல டிஏபி மூட்டையைக் கொட்டுறோம். காசு போறது ஒரு பக்கம். ஆரணி ஆறு பொன்னேரியைத் தாண்டி இந்த ஏரியிலதான் சேருது. மழையில் மண்ணோடு அடிச்சுட்டுப் போற மணிச்சத்து அங்கே பாசியை வளர்க்கும். அரைக்கிலோ மண்ணைக் கொடுத்து அந்த நீலத்தைப் பார்த்துட்டா, நம்ம பணத்துக்கும் நல்லது, வலை வீசுறவங்க தண்ணிக்கும் நல்லது.